புள்ளையப் பிடிங்க அக்கா

பிறந்த குழந்தை ஒன்று தேயிலைக்காட்டிலோ பஸ் தரிப்பிடத்திலோ கிடந்தது என்று செய்தி வந்தால், அடுத்த நாள் எங்கள் ஆசிரியர் அறையில் அதுதான் பேச்சு. யாராவது ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு "இவளெல்லாம் ஒரு தாயா?" என்பார். மற்றவர்கள் உச்சுக்கொட்டுவோம். மணி அடித்ததும் அவரவர் வகுப்புக்குப் போய்விடுவோம். நானும் அதைக் கேட்டவள்தான், பல தடவை. 2016 ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. மற்றவர்கள் கேட்டால் பேசாமல் இருந்துவிடுவேன். அப்படிப் பேசாமல் இருந்ததும் பிழை என்று கொஞ்ச நாளாக மனசைப் போட்டு அரிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஜூனில் என் கதவைத் தட்டிய பெண்ணிடமே எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாதீங்க, தோட்டத்துப் பேரும் போடாதீங்க" என்றாள். ஆகவே ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயம், எங்கள் வீட்டிலிருந்து மூன்று காம்பரா தள்ளி ஒரு வீடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. இரண்டு பையன்கள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவான், சில மாதம் அதுவும் இல்லை.

இரண்டாவது பையனுக்குப் பிறகு மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கிளினிக் நாள் வேலை நாளில் வரும். கொழுந்து நிறைய வருகிற காலத்தில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும். கங்காணியிடம் கெஞ்சினால் அரைப்பேர் கிடைக்கலாம். ஒரு ஊசி தவறியது. அடுத்ததும் தவறியது. ஊசி போட்டவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவதும் நின்றே போவதும் வழக்கம் என்பதால், நாள் தள்ளிப்போனதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. வயிற்றில் ஏதோ புரளுகிற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தபோது நான்கு மாதம் தாண்டியிருந்தது.

அப்புறம் அவள் செய்ததெல்லாம் எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து எல்லாரும் செய்ததுதான். பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளும் கருப்பட்டியும். அதனால் ஒன்றும் ஆகவில்லை. சட்டத்தில் அவளுக்கு வழி இல்லை. இந்த நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை சொல்வது இன்றைக்கும் அதுதான். டவுனில் யாரிடமோ போகலாம் என்று ஒருத்தி சொன்னாளாம். அப்படிப் போன ஒருத்தியின் கதி தெரியும் என்பதால் பயந்து விட்டுவிட்டாள். ஏப்ரல் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. லயமே சந்தோஷப்பட்டது. "ரெண்டு ஆம்பளப் புள்ளைக்கு அப்பறம் மகாலட்சுமி வந்திருக்கா" என்று ஆளாளுக்குச் சொன்னோம். நான் கம்பளித் தொப்பி ஒன்று பின்னிக் கொடுத்தேன். அதை அவள் கையில் வாங்கியது நினைவிருக்கிறது. முகம் எப்படி இருந்தது என்று நினைவில்லை. நான் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது"

பின்னாளில் யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. பையன்களுக்கு ஆளுக்கு மூன்று செல்லப்பேர் வைத்திருந்தவள், இந்தப் பிள்ளையை "அது" என்றாள். "அது தூங்குது", "அதுக்குப் பசிக்கும் போல." பால் கொடுக்கும்போது முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பிள்ளை மேலே பார்க்கும், அவள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காயும் துணியைப் பார்ப்பாள். மற்றபடி எந்தக் குறையும் சொல்ல முடியாது. துணி வெள்ளையாக இருக்கும். பிள்ளையின் தடுப்பூசித் திகதி தவறவில்லை. மிட்வைஃப் வந்து நிறை பார்த்துவிட்டு, அட்டையில் கோடு பச்சைப் பகுதியில் போகிறது, நல்லது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையின் நிறையைத்தான் அந்த அட்டை சொல்லும். அம்மாவின் நெஞ்சில் என்ன ஓடுகிறது என்பதற்கு அதில் கோடு இல்லை.

தாய்மாருக்கு என்று ஒரு கேள்வித்தாள் இருக்கத்தான் செய்கிறது. எடின்பரோ கேள்வித்தாள் என்பார்கள். 1987 இல் வந்தது, பத்துக் கேள்வி, பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் பயன்படுவது, நம் நாட்டிலும் உண்டு. பின்னாளில் அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தூக்கம் வராத அளவுக்குக் கவலையா, அழுகிறாயா, உனக்கு நீயே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா. நல்ல கேள்விகள், எத்தனையோ பெண்களைக் காப்பாற்றிய கேள்விகள். ஆனால் பத்தில் ஒன்றுகூடக் குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. மனச்சோர்வும் பிள்ளையோடு ஒட்டாமல் போவதும் பல சமயம் சேர்ந்து வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சோர்ந்து கிடக்கிற தாய் பிள்ளையை உயிராக நேசிக்கலாம். அன்றாட வேலையெல்லாம் குறையில்லாமல் செய்கிற தாய்க்குப் பிள்ளையைத் தொடவே கை கூசலாம்.

ஜப்பானில் இதற்கென்று தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும் சுகாதாரத் தாதிமார் எடின்பரோ தாளோடு, குழந்தை மேல் உனக்கு என்ன தோன்றுகிறது என்று நேராகக் கேட்கும் இன்னொரு பத்துக் கேள்வியையும் கையில் கொடுப்பது அங்கே பல இடங்களில் வழக்கம். கொடுமையால் இறக்கும் குழந்தைகளில் பெரும் பங்கு ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள் என்பதையும், அவர்களில் பலர் எதிர்பாராமல் உண்டான பிள்ளைகள் என்பதையும் அந்த நாடு தன் கணக்குகளில் கண்டு அதிர்ந்திருக்கிறது. திட்டமிடாத கர்ப்பம், பிறகு ஒட்டாத மனம், பிறகு கை ஓங்குவது என்று ஒரு வரிசையை அங்கே ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வரிசையில் ஒரு பயமும் உண்டு. "வேண்டாத பிள்ளையை அவள் கொடுமைதான் செய்வாள்" என்று அதை நம் ஊரில் திருப்பிப் படித்துவிடுவார்கள். நினைக்காமல் உண்டான பிள்ளைகள் எங்கள் லயத்தில் எத்தனையோ பேர். பெரும்பாலானவர்கள் அம்மாவின் முந்தானையில் தொங்கிக்கொண்டே வளர்ந்தவர்கள். நினைக்காமல் உண்டானதோடு தூக்கமில்லாமை, கையில் காசில்லாமை, பக்கத்தில் ஆளில்லாமை எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து. அவளுக்கு அந்த ஜூன் மாதத்தில் அத்தனையும் சேர்ந்திருந்தது.

இன்னொன்றும் சேர்ந்தது. அந்தக் காலத்தில் மூன்றாவது பிள்ளைக்குப் பேறுகால லீவு 42 நாள்தான். முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள், அதற்குப் பிறகு பாதி. எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று சட்டத்தைத் திருத்தியது 2018 இல். குழந்தைகளின் அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்து இரண்டு வாரத்தில் கூடத் தொடங்கி, இரண்டாவது மாதத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். பொழுது சாயும் நேரத்தில்தான் மோசம். பால் கொடுத்தாலும் தட்டினாலும் ஆட்டினாலும் நிற்காது. பிள்ளைக்கு நோய் இல்லை, தாய் மேல் பிழை இல்லை, அந்த வயதின் இயல்பு அது. இதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. உச்சத்தில் அழுகிற ஆறு வாரப் பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அவள் மறுபடி கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கினாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓட வேண்டும், நாள் முழுக்க மழையில் நிற்க வேண்டும், சாயந்தரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரவு பத்து மணி வரை அழுகை. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்கும். "புள்ளைய அழ விடுறா பாரு" என்று என் மாமியார் முணுமுணுப்பார். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவேன்.

அந்த இரவு

ஒன்பது மணி கடந்திருக்கும். என் நாத்தனார் குடும்பம் வந்திருந்து அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். நான் பீங்கான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். திறந்தால் அவள். தலை நனைந்திருக்கிறது, பிள்ளை ஒரு பழைய துவாயில் சுற்றியிருக்கிறது, அழுது அழுது குரல் கம்மிப்போய் விக்குகிறது. வாசற்படியில் நின்றபடியே இரண்டு கையாலும் பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

"புள்ளையப் பிடிங்க அக்கா."

பிடித்தேன்.

"எனக்கு இது மேல ஒரு பாசமும் வரல. இன்னைக்கு ராத்திரி மட்டும் வச்சிருங்க. இல்லாட்டி நான் என்னமோ செஞ்சிருவேன்."

குரல் உயரவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை. கடைக்குப் போய்வருகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரியே சொன்னாள். அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அழுதிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனோ என்னவோ. "பெத்தவ பேசுற பேச்சாடி இது? வாயக் கழுவு" என்றேன். ஆமாம், அப்படியே சொன்னேன். மாமியார் உள்ளேயிருந்து என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். "போ, போயிப் பால் குடு, நெஞ்சோட அணைச்சுப் படு, தூங்கிரும்" என்று பிள்ளையைத் திரும்ப அவள் கையில் வைத்தேன். வைத்தேன் என்ன, திணித்தேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். துவாயை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு திரும்பினாள். நான் கதவைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஒரு தாய்க்கு நல்ல புத்தி சொன்ன திருப்தியோடு தூங்கினேன்.

அவள் என்னிடம் கொண்டுவந்தது ஒரு எச்சரிக்கை. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இருந்த ஒரே எச்சரிக்கை, அதுவும் ஆபத்து யாரிடமிருந்து வருமோ அவளே சுமந்துகொண்டு வந்தது. தன் கை மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத நேரத்தில் பிள்ளையை வேறொருவர் கையில் கொடுக்க நினைத்தாளே, அதைவிடப் பெரிய தாய்மை என்ன இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு எனக்கு அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் கேட்டது. அவள் நீட்டிய கை தெரியவில்லை.

நான்கு தடம்

மறுநாள் பிள்ளைக்காம்பராவில் சட்டை மாற்றும்போது ஆயா பார்த்திருக்கிறார். பிள்ளையின் மேற்கையில் விரல் பட்ட மாதிரி நீலமாக நான்கு தடம். ஆயா முப்பது வருஷம் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தூக்கியவர். புரண்டு படுக்கக்கூடத் தெரியாத பிள்ளையின் உடம்பில் தானாகக் கண்டல் வராது என்பது அவருக்குப் படிக்காமலே தெரியும். எந்த வைத்தியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: தவழாத குழந்தையின் உடம்பில் சின்னக் கண்டல் இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அதிலும் உலுக்கினால் வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் உள்ளே கேடு நடக்கும். குழந்தைக்கு உடம்புக்குத் தலை பாரம், கழுத்துக்கு வலு கிடையாது. சில நொடி வேகமாக உலுக்கினாலே மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்து இரத்தம் கசியலாம். கண் பார்வை போகலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

ஆயா கத்தவில்லை. கங்காணியிடம் சொல்லவில்லை. மூடி மறைக்கவும் இல்லை. ஆள் அனுப்பி அவளை மலையிலிருந்து இறக்கினார். அவள் கொழுந்துக் கூடையோடு, இடுப்பில் கட்டிய படங்கோடு வந்து நின்றாளாம். சட்டையைத் தூக்கித் தடத்தைக் காட்டி, "இது எப்புடி ஆச்சு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஆயாவே கூடைக்குள்ளிருந்த கொழுந்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, மிட்வைஃபுக்கும் சொல்லிவிட்டு, இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்கு உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். அவளையும் பார்த்தார்கள். மனநலப் பிரிவில் பேசினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், திரும்பத் திரும்ப வரச் சொன்னார்கள். பொலிஸ் வரும், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தாளாம். சிறுவர் பாதுகாப்புக்கு 1929 இருக்கிறது, மனநல உதவிக்கு 1926 இருக்கிறது; எந்த நேரமும் எடுத்துப் பேசலாம் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பாளா என்றும் சொல்ல முடியாது. அதே லயத்துக்காரியே "வாயக் கழுவு" என்று அனுப்பிய பிறகு, முகம் தெரியாத ஒருவரிடம் பேச யாருக்குத் துணிவு வரும்?

தடம் பதித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அவளும் நியாயப்படுத்தவில்லை. ஏழு வாரப் பிள்ளைக்கு வலித்தது. அதை யாராலும் இல்லை என்று ஆக்க முடியாது.

அன்று சாயந்தரத்திலிருந்து ஆயா அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். ஐந்தரைக்கு வருவார். இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால் மேல் கிடத்திக்கொள்வார். பிள்ளை அழும். ஆயா அதன் உள்ளங்காலைப் பெருவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே லயத்துக் கதையெல்லாம் பேசுவார், அதனிடமே. அழுகை நிற்காது. நிற்காவிட்டாலும் பேசுவார். "நீ போயிப் படுடி" என்று அவளை உள்ளே அனுப்பிவிடுவார். முதல் வாரம் முழுக்க அவள் தூங்கியதுதான் நடந்தது. ஆயா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே விஷயம்: கை பதறுகிற மாதிரி இருந்தால் பிள்ளையைத் தரையில் பாயில் மல்லாக்கக் கிடத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு பீலிக்குப் போ, முகத்தைக் கழுவு, பத்து நிமிஷம் கழித்து வா. "அழுது எந்தப் புள்ளையும் சாகாதுடி" என்பார்.

மூன்றாவது நாள் நானும் போய் உட்கார்ந்தேன். ஆயாவுக்கு நான் செய்தது தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றப் போனார். ஒரு நாள் நான் அவரிடம், பாசம் என்பது தானாக வருவதில்லையா, பெற்றவளுக்கே வராதா என்று கேட்டேன். "பாலே புள்ள சப்பச் சப்பத்தான் சொரக்குது டீச்சர்" என்றார். எனக்கு மூத்தவன் பிறந்தபோது இரண்டு நாள் பால் வராமல் நான் அழுததும், "சப்ப விடு, வரும்" என்று இதே ஆயா சொன்னதும் ஞாபகம் வந்தது. பால் வராததற்கு யாரும் என்னை ஏசவில்லை.

எப்போது மாறியது என்று ஒரு நாளைச் சொல்ல முடியாது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் எடுத்தது. அழுகையும் அதன் கணக்குப்படி மூன்றாவது மாதத்தில் இறங்கியது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் சூடு தண்ணி ஊற்றினேன். மூக்கில் தண்ணீர் போய்ப் பிள்ளை தும்மியது, இரண்டு தடவை, தும்மிவிட்டு ஆச்சரியத்தோடு அவளையே பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், கெழவி" என்றாள். அதுதான் முதல் செல்லப்பேர். இன்றைக்கும் வீட்டில் அந்தப் பிள்ளைக்குக் கிழவி என்றுதான் பெயர்.

போன மாதம் இதை எழுதப்போகிறேன் என்று சொல்லப் போனபோது, அவள் இஸ்தோப்பில் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். மகளைக் கடைக்கு அனுப்பினாள். பேர் போடாதீர்கள் என்றதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், முதல் தடவையாக. அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் தட்டுறதுக்கு முந்தி ரொம்ப நேரம் ஒங்க வீட்டு இஸ்தோப்புல நின்னேன் அக்கா, தெரியுமா? உள்ள விருந்தாளுக இருந்தாங்க. அவுங்க வெளிய வர்றப்ப பின்பக்கமா போயி நின்னுக்கிட்டேன். அவுங்க போனப்பறம்தான் தட்டுனேன்."

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீங்க கதவச் சாத்துனப்பறமும் நின்னேன். லைட்டு அணையிற வரைக்கும். புள்ளைய அங்கனயே வச்சிட்டுப் போயிரலாம்னு கீழ குனிஞ்சிட்டேன். ஒங்க நாய் அங்க படுத்திருந்துச்சு. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."